நிழற்பாத்திக்குச் செடி தேர்தல்: தென்காசி, குற்றாலம் பகுதியினருக்கு

ஆனி, ஆடி மாதங்களில் குற்றாலத்திற்கு நீராட வருவோரில் பலர், திரும்பும்போது ஒன்றிரண்டு நாற்றுகளையும் கையோடு வாங்கிச் செல்வது வழக்கம். சாதிக்காய், கிராம்பு, மங்குஸ்தான், மிளகுக்கொடி முதலியவை சாரலில் நனைந்து பசுமையாக நிற்பதைக் கண்டவர்களுக்கு, அவற்றைத் தம் கொல்லையிலோ தோப்பிலோ வைத்துப் பார்க்கவேண்டும் என்னும் ஆசை எழுதல் இயல்பே. இவை நிழலில் வளர்பவை என்று விற்பவர் சொல்வதும் பொய்யன்று. வாங்கியவர் ஊர் சென்று, வேறொன்றுக்கும் உதவாமல் கிடக்கும் மாமரத்தடியைத் தேர்ந்து நாற்றை நடுகிறார். ஐப்பசி, கார்த்திகை மழையில் அது இரண்டு தளிர் விடுகிறது. மாசியில் இலை நுனி காய்கிறது. சித்திரையில் குச்சி மட்டும் நிற்கிறது. மறு ஆண்டும் இவ்வாறே நிகழ்ந்தபின், நிழலில் ஒன்றும் வராது என்று முடிவு கட்டி, 50 ஆண்டு நின்ற மரத்தை அறுப்புக்கு விலை பேசுகிறார்.

மரத்தின்மேல் குற்றமில்லை, நாற்றின்மேலும் குற்றமில்லை. நிழல் என்பது எங்கும் எப்பொழுதும் ஒரே தன்மையது என்று கொண்டதே குற்றம். தென்னையின் நிழல் வேறு, மாவின் நிழல் வேறு. மார்கழியில் உள்ள நிழல் வைகாசியில் இராது. குற்றாலத்து நிழல் ஈரமானது, தென்காசிக்குக் கிழக்கே உள்ள நிழல் உலர்ந்தது. இவற்றை முதலில் அறிந்து, அதன்பின் செடியைத் தேர்ந்தால், வீணாய்க் கிடக்கும் மரத்தடியிலிருந்து கறிக்கும் மருந்துக்கும் பூவுக்கும் உரியவற்றைப் பெறலாம், மரமும் பிழைக்கும்.

ஐந்து கிலோமீட்டருக்குள் இரண்டு சீதோஷ்ணம்

தென்காசிக்கும் குற்றாலத்திற்கும் இடையே உள்ள தூரம் சுமார் 5 கிலோமீட்டரே. ஆயினும் பயிர் செய்வோர் இவ்விரண்டையும் இரண்டு தேசங்களாகக் கருதுதல் நலம். தென்மேற்குப் பருவக்காற்று செங்கோட்டைக்கு மேற்கேயுள்ள ஆரியங்காவுக் கணவாய் வழியே புகுந்து, மலையடிவாரத்தில் சாரலைத் தெளிக்கிறது. ஆனி முதல் ஆவணி வரை குற்றாலம், இலஞ்சி, செங்கோட்டை, பண்பொழி ஆகிய இடங்களில் மண் உலர்வதே அரிது. காற்றிலும் ஈரம் நிறைந்திருக்கும். அதே காற்று தென்காசியைக் கடந்து கிழக்கே செல்லும்போது ஈரத்தை இழந்து வெறுங்காற்றாகிறது. சுரண்டைப் பக்கத்தில் காற்றாலைகள் நிற்பதே அக்காற்றின் வேகத்திற்குச் சான்று. ஒரே ஆடி மாதத்தில் குற்றாலத்துச் செடி நனைந்து நிற்க, சுரண்டைச் செடியின் இலை காற்றில் கிழிந்து உலர்கிறது. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழை இரண்டு பகுதிக்கும் பொது. மாசி, பங்குனி வறட்சியும் இரண்டுக்கும் பொதுவே. எனினும் மலையடிவாரத்து ஊற்றும் ஓடையும் அதன் கடுமையைத் தணிக்கின்றன.

ஆகவே, ‘நிழலில் வரும்’ என்று ஒரு செடியைப் பற்றிக் கேள்விப்பட்டால், அது ஈர நிழலை விரும்புவதா, உலர்ந்த நிழலைப் பொறுப்பதா என்று அடுத்த கேள்வியைக் கேட்டல் வேண்டும். சாதிக்காயும் மங்குஸ்தானும் முதல் வகை. அவை வெயிலுக்கு அஞ்சுவதைக் காட்டிலும் வறண்ட காற்றுக்கு அதிகம் அஞ்சும்.

நிழலை அளக்கும் முறை

நிழலை அளக்கக் கருவி எதுவும் வேண்டியதில்லை. காலை 9 மணி, நண்பகல், பிற்பகல் 3 மணி ஆகிய மூன்று வேளைகளில் பாத்தி போட எண்ணிய இடத்திற்குச் சென்று, ஒரு வெள்ளைத் தாளைத் தரையில் விரித்து, அதற்கு ஒரு முழ உயரத்தில் கையை நீட்டிப் பார்க்கவேண்டும். கையின் நிழல் விரல் விரலாகத் தெளிந்து விழுந்தால் அவ்விடம் வெயிலே. கையின் உருவம் தெரிந்து விளிம்பு மங்கினால் அது நடுத்தர நிழல். தென்னந்தோப்பிலும் முருங்கை, அகத்தியின் அடியிலும் இவ்வாறு இருக்கும். கையின் உருவமே தாளில் தெரியாவிடில் அது அடர்நிழல். மாமரம், பலா, புங்கமரம் இவற்றின் அடி பெரும்பாலும் இத்தகையதே. மூன்று வேளையும் தெளிந்த நிழல் விழும் இடத்தை, எதிரே மரம் நிற்பதால் மட்டும் நிழற்பாத்தி என்று எண்ணிவிடலாகாது.

இச்சோதனையை ஒரே நாளில் செய்து முடித்துவிடுவது போதாது. தை மாதத்தில் ஒரு முறையும் வைகாசியில் ஒரு முறையும் செய்தல் வேண்டும். காரணம் யாதெனில், தென்காசி பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறத்தாழ 9 பாகையில் உள்ளது. சித்திரை மாதப் பிறப்பை ஒட்டி நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கிறான். அன்று முதல் ஆவணி நடுப்பகுதி வரை நண்பகற் சூரியன் வடபுறமாகவே செல்கிறான். மற்ற மாதங்களில் தென்புறம் சாய்ந்து செல்கிறான். 10 அடி உயரமுள்ள சுவர் ஒன்றை எடுத்துக்கொண்டால், மார்கழி நண்பகலில் அதன் நிழல் வடக்கே ஏறத்தாழ 6 அடி நீளும். ஆனி நண்பகலிலோ வடக்கே நிழலே இராது. தெற்கே ஏறத்தாழ இரண்டரை அடி விழும். வீட்டின் வடபுறம் எப்பொழுதும் நிழலுள்ளது என்று மேனாட்டுத் தோட்ட நூல்கள் கூறுவது அவர்கள் நாட்டிற்குப் பொருந்தும், இங்கே பொருந்தாது. கார்த்திகையில் வடக்குச் சுவரோரம் குளிர்ந்த இடம் என்று கண்டு நட்ட செடி, வைகாசியில் நாள் முழுவதும் வெயிலில் நிற்கும்.

வீட்டைச் சுற்றியுள்ள இடங்களில் மிகச் சிறந்தது கீழ்ப்புறமே. காலை இளவெயில் கிடைத்து, உச்சி சாய்ந்தபின் வீடே நிழல் தரும். மேல்புறம் இதற்கு நேர்மாறானது. காலையெல்லாம் நிழலாயிருந்து, உஷ்ணம் மிகுந்த பிற்பகலில் வெயிலும், அவ்வெயிலில் சுட்ட சுவரின் வெக்கையும் சேர்ந்து தாக்கும். மேல்புறத்தில் மென்மையான இலைச் செடிகளை வைத்தலாகாது. எப்புறமாயினும், ஓட்டுத் தாழ்வாரத்தின் நீர் சொட்டும் கோட்டில் பாத்தி அமைத்தால், மழையில் மண் குழிந்து வேர் வெளிப்படும். சொட்டுக்கோட்டிலிருந்து ஒரு முழமாவது விலகவேண்டும்.

மரங்கள் இலையுதிர்க்கும் காலத்தையும் கவனித்தல் வேண்டும். வாகையும் இலவும் வறண்ட மாதங்களில் மொட்டையாய் நிற்கும். செடிக்கு நிழல் மிகத் தேவையான காலத்தில் நிழல் தராத மரத்தை நம்பி இஞ்சியும் மிளகும் வைத்தல் கூடாது.

வெளிச்சத்தைவிட வேரே பெரிது

மரத்தடியில் செடி வாடினால் வெளிச்சக் குறைவே காரணம் என்று பலரும் எண்ணுகின்றனர். பெரும்பாலும் காரணம் தாகமே. நட எண்ணிய இடத்தில் ஒரு சாண் ஆழம் தோண்டிப் பார்த்தால் உண்மை விளங்கும். தலைமயிர் போன்ற சிறு வேர்கள் பின்னிக் கிடக்குமாயின், ஊற்றுகிற நீரும் இடுகிற எருவும் முதலில் மரத்துக்கே சேரும், எஞ்சியதே செடிக்கு. பெருவேர் இரண்டொன்று மட்டும் குறுக்கே ஓடுமாயின் அஞ்சவேண்டியதில்லை. பாத்தி போடுவதற்காகப் பெருவேரை வெட்டுவது மரத்தைச் சாய்க்கும் வழி. ஆடிக்காற்று அடிக்கும் இப்பகுதியில் அது வீட்டுக்கும் ஆபத்து.

தென்னையில் பெரும்பாலான வேர்கள் மரத்தைச் சுற்றி 2 மீட்டர் வட்டத்துக்குள்ளேயே அடங்கும். அவ்வட்டத்தை மரத்துக்கே விட்டுவிட்டு, வரிசைகளுக்கு நடுவே பாத்தி போடலாம். தோப்பின் வயதும் முக்கியமானது. 25 அடிக்கு ஒரு மரமாக நட்ட தோப்பில், நட்டதிலிருந்து சுமார் 8 ஆண்டு வரை தரையில் வெயில் மிகுதி. நிழற்பயிருக்கு அவசரப்பட வேண்டாம். 8 முதல் 25 ஆண்டு வரை மட்டைகள் தாழ்ந்து விரிந்து நிழல் அடர்ந்திருக்கும். அக்காலத்தில் ஊடுபயிர் வைத்து நஷ்டப்பட்டோர் உண்டு. 25 ஆண்டுக்கு மேல் மரம் உயர்ந்துவிடுவதால் வெளிச்சம் சரிந்து உள்ளே விழும். பாட்டன் வைத்த தோப்பே நிழற்பயிருக்கு உகந்த தோப்பு.

மாமரத்தடியில் பள்ளம் தோண்டுவதைவிட மேடு கட்டுவது நன்று. மரத்தின் தூரிலிருந்து 5 அடி தள்ளி, 4 அடி அகலத்தில், அரை அடி உயரத்துக்கு வண்டல் மண்ணும் மக்கிய சாணி எருவும் கலந்து பாத்தி உயர்த்த வேண்டும். 4 அடிக்கு மேல் அகலம் கூடாது. இருபுறமும் உட்கார்ந்து களையெடுக்கக் கை எட்டவேண்டும். தூரை ஒட்டி மண்ணைக் குவித்தால் பட்டை அழுகும் என்பதை மறத்தலாகாது. பாத்தியின் மேல் ஒரு சாண் கனத்துக்குச் சருகு பரப்பிவிட்டால் நீர் பாதியளவில் போதும். இச்சருகைத்தான் பலர் கூட்டிக் கொளுத்துகின்றனர்!

குற்றாலம், செங்கோட்டைப் பக்கத்துக்கு

1796இல் ஆங்கிலேயர் மொலுக்காஸ் தீவுகளை டச்சுக்காரரிடமிருந்து கைப்பற்றியபின், அத்தீவுகளின் சாதிக்காய், கிராம்புக் கன்றுகளை வேறிடங்களில் பரப்ப முயன்றனர். அம்முயற்சியின் ஒரு கிளையாகவே 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியாரின் வாசனைப்பயிர்த் தோட்டம் குற்றாலத்தில் தோன்றிற்று. மலைச்சரிவின் நிழலும் ஈரமும் அம்மரங்களுக்கு ஒத்துக்கொண்டன. ஆகையால் இப்பக்கத்தில் நிலமுள்ளோர் அவற்றை வைக்கத் தயங்க வேண்டியதில்லை. சில விஷயங்களை மட்டும் தெரிந்துகொண்டு வைக்கவேண்டும்.

சாதிக்காய் மரத்தில் ஆண் வேறு, பெண் வேறு. விதையிலிருந்து எழும் கன்றுகளில் ஏறத்தாழப் பாதி ஆணாகிவிடும். அது எது என்பது 6 முதல் 8 ஆண்டு கழித்துப் பூக்கும்போதுதான் புலப்படும். இரண்டு கன்று வாங்கி வைத்து, 8 ஆண்டு நீரூற்றி, இரண்டும் ஆணென்று கண்டவரின் வருத்தத்தைச் சொல்லவேண்டியதில்லை. காய்க்கும் பெண் மரத்தின் கிளையிலிருந்து ஒட்டுக்கட்டிய கன்றையே கேட்டு வாங்குதல் வேண்டும். 10 பெண் மரத்துக்கு ஓர் ஆண் மரம் போதும். தென்னை, பாக்குத் தோப்பின் நடுத்தர நிழல் இதற்கு மிகவும் பொருந்தும்.

மங்குஸ்தான் கன்றுக்கு முதல் சில ஆண்டுகள் நிழல் இன்றியமையாதது. வளர்ந்தபின் வெளிச்சம் வேண்டும். விதைக்கன்று காய்க்க 7 முதல் 10 ஆண்டு செல்லும். எனவே, வாழைக்கட்டைகளுக்கு நடுவே கன்றை வைத்து, அது உயர உயர வாழையைக் குறைத்து வருவது நல்ல முறை. கிராம்பும் இத்தன்மையதே. குரங்குத் தொல்லை உள்ள இடங்களில் பழ மரத்தை வீட்டுக்கு அண்மையில் வைக்காவிடில் பலன் குரங்குக்கே.

ஏலக்காயைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அது நிழற்பயிர்தான், ஆனால் பெரும்பாலும் 600 முதல் 1,200 மீட்டர் உயரமுள்ள மலைகளில் வளர்வது. குற்றாலம் ஊரோ கடல் மட்டத்திலிருந்து 200 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் உள்ளது. அடிவாரத்தில் ஏலம் இலை விடும். காய் எதிர்பார்த்தல் வீண்.

மிளகே இப்பக்கத்தில் நிழலுக்கு முதற்பயிர். ஆயினும் எல்லா மிளகும் ஒரே அளவு நிழலைத் தாங்குவதில்லை. பன்னியூர் 1 என்னும் இரகம் விளைச்சலில் பேர் பெற்றது. அடர்நிழலிலோ அது காய்ப்பதில்லை. தோப்புக்குள் வைப்பதற்குக் கரிமுண்டா அல்லது பன்னியூர் 5 ஏற்றது. கொடியைத் தாங்குமரத்தின் வடபுறத்தில் நடவேண்டும் என்று பழைய தோட்டக்காரர் சொல்வது மேலே கூறிய சூரிய கதியோடு ஒத்ததே. ஆனி, ஆடியில் நட்ட இளங்கொடி முதன்முதல் சந்திக்கும் வறட்சி தை முதல் பங்குனி வரை உள்ளது. அப்போது வெயில் தென்புறத்திலிருந்து வருகிறது. வடபுறத்துக் கொடிக்கு மரமே குடையாகிறது.

ஈர நிழலின் பகை நோயே. மிளகில் விரைவு வாடல், இஞ்சியில் கிழங்கழுகல் ஆகிய இரண்டும் நீர் தேங்கும் இடத்தில்தான் தொடங்கும். வடிகால் இல்லாத பள்ளத்தில் இவ்விரண்டையும் வைப்பதைவிட வையாதிருப்பது மேல். மிளகுக்குச் சாரலுக்கு முன் வைகாசியில் ஒரு முறையும், ஆவணியில் ஒரு முறையும் 1 சதவிகித போர்டோக் கலவை தெளிக்கவேண்டும். 1 கிலோ மயில்துத்தத்தை 50 லிட்டர் நீரிலும், 1 கிலோ சுட்ட சுண்ணாம்பை வேறு 50 லிட்டர் நீரிலும் தனித்தனியே கரைத்து, துத்த நீரைச் சுண்ணாம்பு நீரில் ஊற்றிக் கலக்கவேண்டும். இரும்புப் பாத்திரம் ஆகாது. மண், மரம் அல்லது பிளாஸ்டிக் தொட்டி கொள்ளலாம். கலந்தபின் தேய்த்துத் துலக்கிய இரும்புக் கத்தியைச் சிறிது நேரம் அதில் அமிழ்த்தி எடுக்க, செம்பு நிறம் படிந்தால் இன்னும் சுண்ணாம்பு நீர் சேர்க்கவேண்டும். அப்படியே தெளித்தால் இலை கருகும். கலந்த அன்றே தெளித்துவிடுதல் வேண்டும்.

திப்பிலியும் இப்பக்கத்துக்குத் தகுந்தது. கேரள வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ‘விஸ்வம்’ என்னும் இரகம் தென்னந்தோப்பு நிழலில் நன்கு காய்க்கும். ஓடையோரத்து ஈர நிழலில் வல்லாரை தானே படரும். ஒரு பிடி கொடியைக் கொண்டுவந்து ஊன்றினால் போதும்.

தென்காசி முதல் கிழக்கே

இப்பக்கத்தில் உலர்ந்த நிழலைப் பொறுக்கும் கிழங்குகளே கைகொடுக்கும். கிழங்கு மண்ணுக்குள் உணவையும் ஈரத்தையும் சேமித்து வைத்துக்கொள்வதால், ஒரு வாரம் நீர் தவறினும் செடி சாவதில்லை. கடுங்கோடையில் இலை மடிந்து, மழையில் மீண்டும் முளைக்கும். மரத்தின் வேரோடு போட்டியிட வேண்டிய இடத்தில் இக்குணம் பெரிது.

நடுத்தர நிழலில் மஞ்சள் நன்கு வரும். வைகாசி, ஆனியில் விரற்கிழங்கையோ குண்டையோ நட்டால் தையில் தோண்டலாம். இஞ்சி சற்றே சுகவாசி. தினமும் சிறிது ஈரம் கிடைக்கும் கிணற்றடி, தொட்டியடிப் பாத்தி அதற்கு உரியது. 20 முதல் 25 கிராம் எடையுள்ள, முளைக்கண் உள்ள துண்டுகளாக நறுக்கி, ஒரு லிட்டர் நீருக்கு 3 கிராம் மாங்கோசெப் கலந்த கரைசலில் அரை மணி நேரம் ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, ஒரு சாண் இடைவெளியில் மூன்று விரற்கிடை ஆழத்தில் ஊன்றவேண்டும். நட்ட அன்றே புங்கந்தழை அல்லது வேப்பந்தழையால் மூடிவிடுதல் இஞ்சி வேளாண்மையில் பாதி வெற்றி.

சேனைக்கு இரண்டடி நீளம், அகலம், ஆழமுள்ள குழி வெட்டி, எருவும் மண்ணும் பாதி நிரப்பி, அரைக்கிலோ எடையுள்ள துண்டை வைக்கவேண்டும். குழிக்குக் குழி 3 அடி இருத்தல் நலம். 8 மாதத்தில் இலை மஞ்சளாகிச் சாய்ந்தபின் எடுக்கலாம். மலையையொட்டிய நிலங்களில் காட்டுப்பன்றி சேனையையும் சேம்பையும் கிண்டிவிடும். அங்கே மஞ்சளும் கச்சோலமும் வைத்தல் பத்திரம். கச்சோலம் தரையோடு இலை பரப்பி மிகச் சிறிய இடத்தில் வளர்வது. நாட்டு வைத்தியத்துக்கு வேண்டப்படுவது. சித்தரத்தை ஆளுயரம் வளர்ந்து வேலியோரத்தை நிரப்பும். அதைத் தனியிடத்தில் வைக்காவிடில் அடுத்த பாத்தியையும் பிடித்துக்கொள்ளும்.

கூவைக்கிழங்கை இப்பகுதியினர் அவ்வளவாகக் கவனியாதது வியப்பே. வெயிலில் பாதி இருந்தாலே அதற்குப் போதும். நட்ட 10 மாதத்தில் இலை காய்ந்தபின் தோண்டி, கிழங்கைக் கழுவி, அரைத்து, துணியில் வடிகட்டித் தெளியவைத்தால் அடியில் வெண்மாவு படியும். பலமுறை நீர் மாற்றிக் கழுவி வெயிலில் உலர்த்திய அம்மாவு, குழந்தைகளுக்கும் நோயாளிகளுக்கும் கஞ்சி காய்ச்ச உதவுவது.

கீரைகளில் தவசிக்கீரை அரைநிழலில் செழித்து ஆண்டு முழுவதும் தளிர் தரும்; குச்சியை ஒடித்து ஊன்றினாலே வேர்விடும். சமைத்துக் கறியாக அளவோடு உண்பதற்குரியது அது. 1990-களின் நடுவில் தைவானில் உடல் மெலிவதற்காக அதைப் பச்சையாய் அரைத்துச் சாறாக நாள்தோறும் குடித்தவர்களில் பலருக்குத் தீராத நுரையீரல் நோய் கண்டது. கீரைக்கு நன்மை இருக்கிறது என்பதால் அதை மருந்துபோல் அள்ளிக் குடித்தல் தகாது. முளைக்கீரையும் தண்டுக்கீரையும் நிழலில் வெளிறி நீளுமேயன்றித் தழைக்கமாட்டா.

நிழலில் வைக்கக்கூடாதவற்றையும் சொல்லவேண்டும். மல்லிகை நிழலில் கொடியாய் ஓடும், பூக்காது. எலுமிச்சைக்குப் பேர்போன புளியங்குடியில் அம்மரங்கள் திறந்த வெயிலில் நிற்பதைக் காணலாம்; அதே கன்றைத் தோப்பு நிழலில் வைத்துவிட்டு, இரகம் சரியில்லை என்று கூறுவது முறையன்று. துளசி, ரோஜா, செவ்வந்தி, மிளகாய், கத்தரி, வெண்டை ஆகியவையும் வெயிலுக்குரியன.

பூவும் பொதுவிடங்களும்

பூச்செடிகளில் நிழற்பாத்திக்கு முதன்மையானது கனகாம்பரமே. முழு வெயிலில் பூவின் நிறம் வெளுக்கும். அரைநிழலில் நிறம் ஆழ்ந்து, நாளும் பூ கிடைக்கும். டெல்லி கனகாம்பரம் என்னும் வகை விதை கட்டுவதில்லை. தண்டுத் துண்டுகளை நட்டே பெருக்கவேண்டும். காரணமின்றிச் செடி குன்றி இலை மஞ்சளானால், ஒன்றைப் பிடுங்கி வேரைப் பார்க்கவேண்டும். வேரில் முடிச்சோ கருகலோ கண்டால் நூற்புழு எனக் கொண்டு, அதே பாத்தியில் மீண்டும் கனகாம்பரம் வையாமல் மஞ்சளோ வேறு பயிரோ மாற்றுவதற்குமுன் வேப்பம்பிண்ணாக்கு இடுதல் வேண்டும். நந்தியாவட்டையும் மனோரஞ்சிதமும் அரைநிழலில் பூப்பவை. கோயில் நந்தவனங்களில் மதிலோர நிழலில் அரளி வைத்துப் பூவில்லை என்று குறைப்படும் இடங்களில், நந்தியாவட்டையை மதிலோரத்துக்கு மாற்றி, அரளியை வெளிச்சத்துக்குக் கொண்டுவருவதே வழி.

கிராம அதிகாரிகளும் ஊராட்சிப் பொறுப்பினரும் கவனிக்கத்தக்க ஒன்றுண்டு. பள்ளிக்கூடம், ஊராட்சி அலுவலகம், பொதுக் குழாயடி ஆகிய இடங்களில் நிழல் மரங்கள் நிற்கின்றன. அடியில் தரை வெறுமையாய், மிதிபட்டு இறுகிக் கிடக்கிறது. இறுகிய மண்ணில் மழைநீர் இறங்காமல் ஓடிவிடுவதால் அம்மரங்களே நாளடைவில் உச்சி காய்கின்றன. தூரைச் சுற்றி சிமெண்டுத் தளம் போட்டு மேடை கட்டுவது அதனினும் கேடு. குழாயடிக் கழிவுநீர் ஓடும் பக்கத்தில் கல்வாழையும் சேம்பும் வைத்தால் சேறு தேங்காது. பள்ளிகளில் சேம்பு, கலேடியம் போன்ற இலையழகுச் செடிகளைச் சிறு குழந்தைகளின் கைக்கெட்டாத இடத்தில் வைக்கவேண்டும். அவற்றின் சாறு வாயில் பட்டால் நாக்கும் தொண்டையும் தடித்து அரிக்கும்.

வைக்கும் முன் செடியின் இயல்பை நேரில் காண விரும்புவோர், ஐந்தருவிப் பக்கத்தில் தோட்டக்கலைத் துறை அமைத்துள்ள சுற்றுச்சூழல் பூங்காவைச் சாரல் காலத்தில் மட்டும் பாராமல், மாசி அல்லது பங்குனியில் ஒரு முறை சென்று பார்ப்பது நன்று. சாரலில் எல்லாச் செடியும் அழகே. பங்குனியில் நிற்பதே தம் ஊருக்கு ஏற்றது.

மரத்தை அறுக்குமுன்

மேற்கூறிய சோதனையில் கையின் உருவமே தெரியாத அடர்நிழல் என்று கண்டால், மரத்தை அறுக்கவேண்டும் என்பதில்லை. கிளையைக் குறைத்தால் போதும். மாமரமாயின் காய் முடிந்தபின், ஆவணி, புரட்டாசியில் கவாத்து செய்யலாம். தரையிலிருந்து 8 அடிக்குள் தாழ்ந்து தொங்கும் கிளைகளை முதலில் நீக்கவேண்டும். அடுத்து, கீழ்த்திசையில் உள்ள உட்கிளைகளில் ஒன்றையொன்று உரசுவனவற்றையும் நோயுற்றவற்றையும் எடுத்தால், காலை வெயில் இரண்டு மூன்று மணி நேரம் பாத்தியில் விழும். மேற்கிலும் தென்மேற்கிலும் உள்ள கிளைகளைத் தொடலாகாது; பிற்பகல் வெயிலையும் ஆடிக்காற்றையும் தடுப்பன அவையே. ஒரே ஆண்டில் தழையில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் குறைத்தல் கூடாது. கனத்த கிளையை மேலிருந்து ஒரே வெட்டாக வெட்டினால், விழும்போது தூரின் பட்டையை உரித்துக்கொண்டு போகும். முதலில் அடிப்பக்கத்தில் சிறிது அறுத்து, பின் சற்று வெளியே தள்ளி மேலிருந்து அறுத்து, எஞ்சிய கட்டையைக் கடைசியில் தனியே எடுக்கவேண்டும். வெட்டுவாயில் 1 கிலோ மயில்துத்தம், 1 கிலோ சுட்ட சுண்ணாம்பு, 10 லிட்டர் நீர் என்னும் கணக்கில் குழைத்த போர்டோப் பசையை அன்றே பூசிவிட்டு, வெட்டிய தழையைப் பாத்தியின் மேலேயே மூடாக்காகப் பரப்பிவிடலாம்.